குரல் என்னுது, சிப்பு அவனுது

ஏனுங்க, நீங்க தமிழ்ங்களா? புளிசோத்துப் பொட்டலத்தப் பிரிச்சப்பவே நெனச்சேன். அப்பச் சித்தெ இப்படி நவுந்து உக்காருங்க. எனக்குத் தொண்டையில ஆப்பரேசன் பண்ணியிருக்குதுங்க, இதுக்கு மேல சத்தம் வராது. காதக் கிட்டக் கொண்டாந்தாத்தான் கேக்கும். எதுத்தாப்புல இருக்கறவனுகளப் பத்திக் கவலைப்படாதீங்க. அத்தனையும் வடக்கத்தியானுக, நாம பேசறது ஒண்ணும் வெளங்காது. வெளங்குனாலும் எனக்கென்ன பயமா?

காலு நீட்டிக்கறதுக்கு அந்தச் செவப்புச் சட்டக்காரன் எடம் உட்டானுங்க, இல்லீன்னு சொல்லல. ஈரோடு வர்றதுக்குள்ள மூட்டையத் தூக்கி மடியில வெச்சுட்டு, உக்காருங்கன்னு கையக் காட்டுனான். அதுக்கோசரம் அவன் பெரிய மனுசன் ஆயிருவானா? நம்மூர்ல ஓடற வண்டி, நம்ம எடம். அத அவன் என்னங்க நமக்குக் குடுக்கறது?

எங்க போறேன்னு கேட்டீங்கல்ல. பீகாருக்குங்க. சிரிக்காதீங்க, எனக்கே சிரிப்பாணியாத்தான் இருக்குது. ஊரே பீகார்ல இருந்து திருப்பூருக்கு வருது, நான் திருப்பூர்ல இருந்து பீகாருக்குப் போறேன். சமஸ்திபூர்னு ஒரு ஜில்லாவாமா, அதுல ஒரு கிராமம். பேரு இந்தச் சீட்டுல இருக்குது. அங்க பிரமோத் மஹதோன்னு ஒருத்தன் இருக்கறான். அவங்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கோணும். ஒரே ஒரு கையெழுத்து. அதுக்கு ரெண்டு நாள் ரயிலு, அதுக்கு மேல பஸ்ஸு, அதுக்கு மேல என்னவோ. எல்லாம் கெரகம்.

நீங்க பட்டாளமா? புவனேஸ்வர்ல எறங்கறீங்களா. செரி, அதுக்கு இன்னும் நேரங்கெடக்குது. சொல்றேன் கேளுங்க.

எம்பட பேரு சென்னியப்பன். மைக் சென்னியப்பன்னு சொன்னாத்தான் தெரியும். திருப்பூர்ல முப்பது வருசமாக் காது வெச்சிருக்கறவன் எவனும் என்னத் தெரியாதுன்னு சொல்ல முடியாதுங்க. மொகந்தான் தெரியாது. ஆட்டோவுல மைக்கக் கட்டிட்டு 'இன்று மாலை சரியாக ஆறு மணியளவில்'னு போவுமே, அது நான். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி நான். மாரியாத்தா நோம்பிக்குப் பூச்சாட்டுன்னு சொல்றது நான். ஒரு கொழந்த காணாமப் போச்சுன்னா, மஞ்சள் கவுனு போட்டிருந்துச்சுன்னு தெருத்தெருவாச் சொல்லிட்டுப் போறது நான்.

எலெக்சன் வந்துட்டா சோறு திங்க நேரமிருக்காது. எல்லாக் கட்சிக்கும் நாந்தான். காலையில ஒருத்தனுக்கு, மத்தியானம் அடுத்தவனுக்கு. பேச்சு ஒண்ணேதானுங்க, பேரத்தான் மாத்தோணும். 'ஏழைகளின் பங்காளர், எளிமையின் சிகரம்'. காலையில சிகரம் அவன், மத்தியானம் சிகரம் இவன். இந்தக் கட்சிக்காரனுகள மாதிரி வெக்கங்கெட்ட கூட்டத்த நான் பார்த்ததில்ல. நேத்து எவனத் திருடன்னானோ அவன் தோள்ல இன்னைக்குக் கையப் போட்டுட்டு வருவான். கொள்கைன்னா கிலோ என்ன வெலன்னு கேப்பான். எனக்கு அந்த மாதிரி ஆளுகளக் கண்டாலே ஆவாதுங்க. மனுசன்னா ஒரு பக்கம் நிக்கோணும்.

போன உள்ளாட்சி எலெக்சன்ல என்ன ஆச்சுன்னா, ரெண்டு கட்சியும் ஒரே நாள்ல வந்து நிக்கறானுக. எனக்குத் தொண்ட கரகரங்குது. ரெக்கார்டிங் சென்டர் வெச்சிருந்த தண்டபாணி சொன்னான், 'அண்ணா, ஒரு ஆப் வந்திருக்குதுங். ஒரு மணி நேரம் படிச்சுக் குடுத்தாப் போதும். அப்பறம் நாம என்ன எழுதிப் போட்டாலும் உங்க குரல்ல அதே பேசிக்கும். நீங்க ஊட்டுல காலாட்டிட்டு உக்காந்திருக்கலாம்'னான். படிச்சுக் குடுத்தேன். கடைசியில இங்கிலீசுல என்னமோ வளவளன்னு வந்துது, கீழ 'சம்மதம்'னு ஒரு பட்டன். அமுத்துனேன். எல்லாரும் அமுத்தறதுதானுங்களே. நீங்க படிச்சுப் பார்த்துட்டா அமுத்தறீங்க?

அந்த எலெக்சன்ல ரெண்டு கட்சி வண்டியும் எங்க தெருவுல எதுக்க எதுக்க வந்துது. ரெண்டுலயும் நான். ஊட்டுல உக்காந்து காப்பி குடிச்சுட்டே கேட்டேன். அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்குதே, சொல்லி மாளாது.

அதுக்கப்பறம் நாலே மாசம். கரகரப்பு நிக்கல. டாக்டரு டார்ச்ச அடிச்சுப் பார்த்துட்டுக் கட்டின்னாரு. ஆரம்பத்துலயே பார்த்ததுனால உசுரு தப்பிச்சுது, குரல வெட்டி எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கறது இதுதான், நீங்க கேக்கறீங்களே, தேங்காய்த் திருவற மாதிரி, இது.

இப்பக் கேளுங்க. நான் ஆஸ்பத்திரியில வாயத் தெறக்காமப் படுத்திருக்கறேன், சன்னலுக்கு வெளிய ரோட்டுல நான் போறேன். 'புதுப்பொலிவுடன் இன்று திறப்பு விழா'ன்னு. எவன் கடைன்னே எனக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் ஆயி வந்தா, போன் பண்ற எடத்துலெல்லாம் நான் பேசறேன். 'ஒன்றை அழுத்தவும்'ங்கறேன். நான் செத்தாலும் குரல் குடுக்க மாட்டேன்னு சொன்ன ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேக்கறேன். அந்த ஆப்புல எனக்கு வெச்சிருக்கற பேரு என்ன தெரியுமுங்களா? 'கணீர் ஆண் குரல், நாலு'. முப்பது வருசம் சென்னியப்பனா இருந்தவன் நாலாம் நம்பர் ஆயிட்டேன்.

உடுவனா நான்? அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன், எம்பட குரல எடுத்துருங்கன்னு. எவனும் மனுசன் பதில் போடலீங்க, அங்க மனுசனே கெடையாதாட்டம் இருக்குது. ஒரு பக்கம் தெறந்துது. 'இது உங்கள் குரல்தான் என்று உறுதிசெய்ய, கீழுள்ள வரியை வாசிக்கவும்'னு இருந்துது. வாசிச்சேன். 'குரல் பொருந்தவில்லை'. தண்ணி குடிச்சுட்டு மறுக்கா வாசிச்சேன். 'குரல் பொருந்தவில்லை'. மூணாவது வாட்டி என்ன சொல்லுச்சு தெரியுமுங்களா? 'பிறர் குரலுக்கு உரிமை கோருவது குற்றம்'னுச்சு. அதையும் எம்பட குரல்லயே சொல்லுச்சுங்க. போனத் தூக்கி எறியலாம்னு இருந்துது. எறிஞ்சுட்டு வேற வாங்கறதும் அதே திருட்டுக் கூட்டத்துகிட்டத்தானேன்னு வெச்சுட்டேன்.

இத்தன எரிச்சல்ல உக்காந்திருக்கறப்பத்தான் அந்த வடக்கத்தியான் எங்க தெருவுக்குள்ள வர்றான். எம்பட குரலோட.

தள்ளுவண்டிங்க. பக்கெட்டு, சீப்பு, டீ வடிகட்டி, சோப்பு டப்பா. மேல ஒரு ஸ்பீக்கரு. 'வாங்க வாங்க தாய்மார்களே, எதை எடுத்தாலும் முப்பது ரூபா'. அவன் வாயில ஈ போனாக்கூடத் தெரியாது, பொம்மையாட்ட நிக்கறான், பேசறது நான். ஒரு வார்த்த தமிழ் கத்துக்காம, எம்பட தமிழ வெச்சுப் பொழைக்கறான். இவனுக வந்துதானுங்க ஊரே கெட்டுப் போச்சு. பனியன் கம்பெனியில அவன், ஓட்டல்ல அவன், கட்டடத்துல அவன். நம்ம பசங்களுக்கு வேல எங்க இருக்குது? எம்பட அக்கா பையன் மூணு வருசமாச் சும்மா இருக்கறான். வேலைக்குக் கூப்பிட்டாங்க, போகல, அது வேற விசயம்.

ஆனா அது ஆப்பு குரல் இல்லீங்க. கேட்டவொடனே தெரிஞ்சுது. அது நானே பேசுனது. கொரோனா சமயத்துல தண்டபாணி சென்டர மூடி வெச்சிருந்தான். அப்பத் திண்டுக்கல்லுக்காரர் ஒருத்தர் இதே முப்பது ரூபா வண்டி ஓட்டிட்டிருந்தாரு, எழுதிக் கொண்டாந்து நின்னாரு. ஊட்டுலயே போன்ல பேசி, ஒரு மெமரி சிப்புல ஏத்திக் குடுத்தேன். பேசிட்டிருக்கறப்ப எம்பட ஊட்டுக்காரி, மயிலாத்தா, டீயக் கொண்டாந்து நீட்டுனா. நானும் நெனப்பில்லாம, 'வாங்க தாய்மார்களே... மயிலு, சித்தெ இரு, வர்றேன்... எதை எடுத்தாலும் முப்பது ரூபா'ன்னுட்டேன். அது அப்படியே பதிஞ்சுருச்சு.

முப்பது வருசத்துல நான் பண்ணுன ஒரே தப்பு அதுதானுங்க. திருத்திக் குடுக்கறேன்னு திண்டுக்கல்லுக்காரர எத்தன வாட்டி கூப்பிட்டேன். 'வேண்டாமுங்க, அந்த மயிலுக்குத்தான் பொம்பளைக சிரிச்சுட்டு வெளிய வர்றாங்க, அதுலதான் யாவாரமே ஆவுது'ன்னுட்டாரு. அவரு ஊரப் பார்க்கப் போறப்ப வண்டி, ஸ்பீக்கரு, சிப்பு எல்லாத்தையும் இந்தப் பிரமோத்துக்கு வித்துட்டுப் போயிட்டாரு. எம்பட தொழில்ல விழுந்த ஒரே ஓட்டைய ஒரு வடக்கத்தியான் தெனமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க தெருவுல கொண்டாந்து ஊதிட்டுப் போறான். எனக்கு எப்படி இருக்கும்?

இதுல எம்பட ஊட்டுக்காரி வேற. தெனம் போயி அவங்கிட்ட வாங்கறா. எங்க ஊட்டுல இருக்கறது ரெண்டே பேரு. டீ வடிகட்டி ஏழு. சீப்பு ஒரு டசன் இருக்கும், எனக்கு வழுக்க, நீங்களே பார்க்கறீங்க. சோப்பு டப்பாவ அடுக்கி வெச்சாத் தலவாசல் ஒசரம் வரும். 'எதுக்குடி இது'ன்னா, கழுவி அடுக்கி வெச்சுட்டுப் போயிருவா. நாலே முக்காலுக்கெல்லாம் மொகங் கழுவிப் பொட்டு வெச்சுட்டு வாசப்படியில நிப்பா. பொருளு வாங்கறதுன்னா சட்டுனு வாங்கிட்டு வரோணுமில்ல? மாட்டா. இதப் பொறட்டி அதப் பொறட்டி, அந்த ரெக்கார்டு ஒரு சுத்து முழுசா வந்து முடியற வரைக்கும் நிப்பா. வடக்கத்தியானுக்குச் சோறு போடறதுக்குன்னே நான் இவளக் கட்டிட்டு வந்தனான்னு எனக்கு ஆத்திரமா வரும்.

ஆத்திரம் வந்து என்ன பண்றது? திட்டோணும்னாலும் குரல் வேணுமில்ல. அவ அடுப்படியில இருந்தா எம்பட சத்தம் அவளுக்குக் கேக்காது. ஒரு வாய் தண்ணி வேணும்னாலும் டம்ளரத் தரையில தட்டித்தான் கூப்பிடோணும். ஒரு தட்டுன்னா தண்ணி, ரெண்டு தட்டுன்னா சோறு, மூணு தட்டுன்னா வா. அப்படித்தான் ஒன்றர வருசமா ஓடுது.

அப்பறம் அந்த ஆடியோ வந்துதுங்க, வாட்சப்புல. 'தாய்மார்களே, எச்சரிக்கை. தள்ளுவண்டியில் வரும் வடமாநில நபர்கள் உங்கள் வீட்டை நோட்டம் பார்க்கிறார்கள். கதவைத் திறக்காதீர்கள்.' கேட்டவொடனே எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துருச்சு. என்ன தெளிவு, என்ன உச்சரிப்பு. பேசறது யாருன்னா, நான். எவனோ ஆப்புல போட்டுப் பண்ணியிருக்கறான். நான் பேசல, எனக்குத் தெரியும். ஆனாப் பொய்யின்னு எப்படிங்க சொல்றது? எம்பட குரல்ல வந்தது பொய்யா இருக்குமான்னு எனக்கே தோணுச்சு. தெருக் குரூப்புல எல்லாரும் 'அண்ணா நீங்களா, அண்ணா நீங்களா'ன்னு கேட்டாங்க. நான் போட்டேன்: 'நான் பேசவில்லை. பேசியிருந்தால் இதைத்தான் பேசியிருப்பேன்.' அம்பது அறுவது பேரு கைதட்டுப் படம் போட்டாங்க. குரல் போனதுக்கப்பறம் எனக்குக் கெடச்ச மொத மரியாத அதுதான்.

மறுநா சாயங்காலம் அவன் வந்தான். எங்க தெருப் பசங்க பத்துப் பேரு வண்டிய மறிச்சுட்டானுக. 'ஆதார எடுடா, யாருடா நீ, எங்க தங்கியிருக்கற'ன்னு ஆளாளுக்குக் கேக்கறானுக. அவன் பேந்தப் பேந்த முழிக்கறான். ஒருத்தன் வண்டியக் குடை சாச்சான், பக்கெட்டெல்லாம் ரோட்டுல உருளுது. நான் மாடியில நின்னு பார்த்துட்டிருக்கறேன். அவன் கையச் சாஞ்ச வண்டிக்குள்ள உட்டான். 'கத்தி எடுக்கறாண்டா'ன்னு ஒரு பய கத்துனான். கத்தியில்லீங்க. ஸ்பீக்கரு பட்டன். அமுத்துனான்.

'வாங்க வாங்க தாய்மார்களே'ன்னு நான் ஆரம்பிச்சுட்டேன்.

அவனுக்குன்னு இருந்த தமிழு அவ்வளவுதானே. எதையாவது நம்ம பாசையில சொல்லோணும்னு பட்டிருக்கும்போல. அடி உழுகுது, நான் கூவிக் கூவி வித்துட்டிருக்கறேன். கன்னத்துல அறை உழுகுது, 'எதை எடுத்தாலும் முப்பது ரூபா'ங்கறேன். மாடியில இருந்து நானும் என்னமோ கத்துனேன். அடிங்கடான்னு கத்துனனா, உடுங்கடான்னு கத்துனனா, இப்ப ஞாபகமில்ல. எதக் கத்தியிருந்தாலும் எவனுக்குக் கேக்கும்? 'மயிலு, சித்தெ இரு, வர்றேன்'னு வந்துது பாருங்க, அப்பத்தான் எம்பட ஊட்டுக்காரி கதவத் தெறந்துட்டு ஓடுனா. பசங்களத் தள்ளிட்டு உள்ள பூந்து, அவன் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து எங்க வாசப்படியில உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தா. ஒதட்டுல ரத்தம். எம்பட துண்ட எடுத்துத் தொடைச்சு உட்டா. எம்பட துண்டுங்க!

தெருவே பார்க்குது. நேத்து ராத்திரி கைதட்டுன அம்பது பேரும் பார்க்கறாங்க. எம்பட மானம் கப்பலேறிப் போச்சு.

அடுத்த நாள் டிவிக்காரன் வந்தான். இருவது நிமிசம் பேசுனேன். கட்சிக்காரன், கம்பெனிக்காரன், வடக்கத்தியான், ஒருத்தன் உடாம எல்லாரப் பத்தியும் பேசுனேன். போட்டது நாலு செகண்டு. குரல் தெளிவில்லைன்னு கீழ எழுத்துப் போட்டுட்டான். நான் பேசாததெல்லாம் எழுத்துல ஓடுது, 'அவர்களை ஊரைவிட்டு விரட்ட வேண்டும்'னு. இந்த டிவிக்காரனுக மாதிரி புளுகுமூட்டைகள நீங்க எங்கயும் பார்க்க முடியாது. ஆனா எழுதியிருந்தது நல்லாத்தான் இருந்துது, அதையும் சொல்லோணுமில்ல.

அந்த வேகத்துல ஸ்டேசனுக்குப் போனேன். எம்பட குரல நாலு பேரு திருடிட்டாங்கன்னு எழுதிக் குடுத்தேன். ஒண்ணு கம்பெனி, ரெண்டு கட்சி, மூணு டிவி, நாலு பிரமோத். அந்த அதிகாரி படிச்சுப் பார்த்தாரு. 'கம்பெனி ஆபீசு வெளிநாட்டுல இருக்குது, அது நம்மால ஆவாதுங்க'ன்னாரு, அது மேல ஒரு கோடு அடிச்சாரு. 'கட்சியா? எந்தக் கட்சி? ரெண்டும் உங்க குரலத்தான் ஓட்டறானுக, எவன் மேல கேசு போடறது'ன்னாரு, ஒரு கோடு. 'டிவிக்கு நீங்களேதான பேட்டி குடுத்தீங்க', ஒரு கோடு. நாலாவதப் பார்த்துட்டு, 'இது சுலபம்'னாரு.

அரை மணி நேரத்துல கூட்டிட்டு வந்துட்டாங்க. ஸ்பீக்கரு, சிப்பு, ரெண்டையும் மேசையில வெச்சாங்க. அவன் என்னப் பார்த்துக் கும்புட்டான். அந்தக் குரலு என்னுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாவோட ஊட்டுக்காரருன்னு மட்டுந்தான் தெரியும், நான் தொணைக்கு வந்திருக்கறேன்னு நெனச்சுட்டான் கூமுட்டை. நான் கையெழுத்துப் போட்டேன். அன்னைக்குப் பொழுதோட அவன் தங்கியிருந்த லைன் ஊட்டுக்காரன் ரூமக் காலி பண்ணச் சொல்லிட்டான். மறுநா ரயிலேறிப் போயிட்டான். நாலுல ஒண்ணாவது ஜெயிச்சமேன்னு வந்தேன். அறுவடை முடிஞ்ச மாதிரி அப்பாடான்னு இருந்துது.

எம்பட ஊட்டுக்காரி பேச்ச நிறுத்திட்டா.

ஒரு வாரம் பார்த்தேன். ரெண்டு வாரம் பார்த்தேன். சோறு வெப்பா, தண்ணி வெப்பா, வாயி மட்டும் தெறக்க மாட்டா. அஞ்சு மணியானா வாசப்படிக்குப் போவா, எட்டிப் பார்ப்பா, உள்ள வந்துருவா. ஒரு நா நான் மூணு தட்டுத் தட்டுனேன், வர்ல. மறுக்கா தட்டுனேன். டம்ளரு நெளியற வரைக்கும் தட்டுனேன். வந்து நின்னா. 'எதுக்கு இந்தத் தட்டு, நான் என்ன மாடா?'ன்னா. அப்பறம் சொன்னா: 'உங்களுக்குத் தொண்ட போயி ஒன்றர வருசமாச்சு. இந்த ஊட்டுல என்னப் பேரு சொல்லிக் கூப்பிட ஆளில்ல. சாயங்காலமானா அந்த வண்டி கூப்பிட்டுது. அதையும் புடிச்சுக் குடுத்துட்டீங்க.'

எனக்கு மொதல்ல கோவந்தானுங்க வந்துது. இத மொதல்லயே சொல்லியிருந்தா என்னவாம்? ஏழு வடிகட்டி வாங்கறதுக்குப் பதிலா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? பொம்பளைகளே இப்படித்தான். அன்னைக்குச் சோறு எறங்கலீங்க. அதுக்கு மறுநாளும் எறங்கல.

நான் சும்மா இருக்கற ஆளில்ல. அந்தத் திருட்டு ஆப்புலயே போயி, 'மயிலு, சித்தெ இரு, வர்றேன்'னு எழுதிப் போட்டேன். எம்பட குரல எனக்கே காசுக்குக் குடுக்கறான், போவட்டும். பேசுச்சு. 'மயிலு. சித்தெ. இரு. வர்றேன்.' இரங்கல் அறிவிப்பு வாசிக்கற மாதிரி. அவ காதுகிட்டக் கொண்டுபோயி வெச்சேன். கேட்டா. 'இது யாரு?'ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அப்பறந்தான் ஸ்டேசனுக்கு ஓடுனேன். பதிவு பண்ணுன பழைய போனு தண்ணியில உழுந்து செத்துப் போச்சு, திண்டுக்கல்லுக்காரருகிட்ட நகல் இல்ல, ஒலகத்துல இருக்கறது அந்தச் சிப்பு ஒண்ணுதான். 'கேச வாபஸ் வாங்கிக்கறேன், சிப்பக் குடுங்க'ன்னேன். 'அது அவன்கிட்டப் புடிச்ச பொருளு, அவனுக்குத்தான் குடுக்க முடியும். அவன் வரோணும், இல்லீன்னா உங்ககிட்டக் குடுக்கச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆதார் நகலோட வரோணும்'னாங்க. 'குரல் என்னுதுங்க'ன்னேன். 'சிப்பு அவனுதுங்க'ன்னாங்க. சீக்கிரம் வந்தா ஆச்சு, இல்லீன்னா ஆளில்லாத பொருள்னு கோர்ட்டுக்குப் போயி அழிச்சுருவாங்களாமா.

லைன் ஊட்டுக்காரங்கிட்ட நம்பரும் ஊரு பேரும் வாங்கிப் போனப் போட்டேன். அவன் 'ஹலோ, ஹலோ, கோன்?'ங்கறான். எனக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது, எம்பட தொண்டையில இருந்து வர்றது காத்து. பயந்துட்டு வெச்சுட்டான். நாலாவது நாள்ல இருந்து சுவிட்ச் ஆப். திருப்பூர்ல இந்தி தெரிஞ்சவன் இல்லையான்னு கேப்பீங்க. முப்பது வருசமா இந்தி ஒழிகன்னு மைக்குல கத்துனவன், எவன் வாசல்ல போயி நிக்கறது? அதான் ஏறி உக்காந்துட்டேன். எழுதுன காயிதம், ஸ்டாம்பு பேடு, பேனா ரெண்டு, எல்லாம் பையில இருக்குது. எங்க போறீங்கன்னு அவ கேக்கல, நானும் சொல்லல. சோத்துப் பொட்டலத்த மட்டும் கட்டிக் குடுத்தா.

உங்களுக்கு இந்தி நல்லாத் தெரியுமில்லீங்க? அந்தச் செவப்புச் சட்டக்காரங்கிட்ட நீங்க பேசுனதக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஒரு ஒத்தாச பண்ணுங்க. எம்பட போன்ல நாலு வார்த்த இந்தியில பேசிப் பதிஞ்சு குடுங்க. அங்க போயி நான் பட்டன அமுத்துனா அது பேசிக்கும். வழியில ஊரு பேரக் கேக்கறதுக்கு ஒண்ணு, அவங்கிட்டச் சொல்றதுக்கு ஒண்ணு.

சொல்லுங்க, 'உன்ற சிப்பு ஸ்டேசன்ல இருக்குது. என்கிட்டக் குடுக்கச் சொல்லி ஒரு கையெழுத்துப் போடு.' அவ்வளவுதான்.

என்னங்க? மன்னிப்பா? நான் எதுக்குங்க கேக்கோணும்? நான் சட்டப்படி போனவன். அடிச்சது நானா? ரூமக் காலி பண்ணச் சொன்னது நானா? கேக்க மாட்டேன். அத உடுங்க.

புகார் குடுத்தது நான்தான்னு மட்டும் சொல்லிருங்க. அன்னைக்குக் கும்புட்டான் பாருங்க, இன்னும் அப்படியே நெனச்சுட்டிருப்பான். தெரிஞ்சுட்டுப் போடறதுன்னாப் போடட்டும். அப்பறம், அந்தச் சிப்புல எம்பட ஊட்டுக்காரி பேரு இருக்குதுன்னு சொல்லுங்க. தண்ணி குடுத்தாளே, அந்த அம்மான்னு சொல்லுங்க, அப்பத்தான் தெரியும். அவ பேச மாட்டேங்கறான்னு சொல்லுங்க. எங்கிட்டப் பேச மாட்டேங்கறா, அதுக்கு அவங்கிட்ட வந்து நிக்கறேன்னு சொல்லுங்க.

மரியாதையாவே சொல்லிருங்க. வாடா போடான்னு வேண்டாம்.

இந்தாங்க. போன வாயிக்கு நாலு வெரக்கட தள்ளிப் புடிங்க, ரொம்பக் கிட்டப் புடிச்சா மூச்சு இரையும். அடிவயித்துல இருந்து சொல்லுங்க, தெருவுல ஆடு மாடு கத்தும், கேக்கோணுமில்ல. நடுவுல தப்பு வந்தாலும் நிறுத்தாதீங்க, பரவால்ல. அந்தச் செவப்புச் சட்டக்காரனச் சித்த நேரம் பேசாம இருக்கச் சொல்லுங்க.

ம், ஆரம்பிங்க.